அலைக்கு முதலே இருந்த நோ

மச்சாள்,

இன்று காலை வைத்தியசாலை மருந்தறையில், வயிற்றெரிவுக்குக் கொடுக்கிற வெள்ளை மருந்துப் போத்தல் ஒன்று என் கை தவறி விழுந்து உடைந்தது. பெரிய போத்தல். சீமெந்துத் தரை முழுக்க ஓடிற்று. துடைக்கத் துடைக்க அந்தப் பெப்பர்மின்ற் வாசம் கூடிக்கொண்டே வந்தது. யன்னலுக்கு வெளியே மருந்துச் சீட்டுத் துண்டோடு நின்ற ஒரு பெண், நல்ல வாசமாக இருக்கிறதே என்றாள். நாலு வருடம் உன் வாயில் மணத்த வாசம் அது. நாலு வருடமும் அதை உனக்கு ஊற்றி ஊற்றித் தந்தவள் நான்.

துணியைப் பிழிந்து போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். வெளியே சனம் சத்தம் போட்டது. எனக்கு எழும்ப மனம் வரவில்லை. வழக்கமாக நான்தான் அவர்கள் மேல் எரிந்து விழுகிறவள், உனக்குத் தெரியும். இன்றைக்கு அவர்கள் என்மேல் விழட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் மூன்று வருடமாக வைத்திருந்ததை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வேண்டிய இன்னொரு ஆளும் இருக்கிறார். அவர் என்னுடைய அண்ணன், உன்னுடைய புருசன்.

உனக்கு அந்த வயிற்று நோ எப்போது வந்தது? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு நல்ல ஞாபகம். சண்டை ஓய்ந்திருந்த காலம். பாதைகள் திறந்திருந்தன, அண்ணன் கட்டாருக்குப் போய் ஒரு வருடம், கல்லடியில் உங்களுடைய வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, பிள்ளை நேசரிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். உனக்குக் கவலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத காலம் அது. உறைக்க உறைக்கக் கொச்சிக்காயை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டு பழஞ்சோறு தின்றுகொண்டிருந்தவள், நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து, "இஞ்ச என்னவோ கடிக்குது மச்சாள். சாப்பிட்டா அடங்குது, வயிறு வெறுமையாக் கிடந்தா திரும்பக் கடிக்குது" என்றாய். கொச்சிக்காய் தின்ற கொழுப்பு என்றேன் நான். வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தேன். குடித்தால் ஒரு மணித்தியாலம் சுகமாக இருக்கும் என்றாய், மறுபடி வந்துவிடும் என்றாய். கெஸ்ரிக் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு அலை வந்தது. பிள்ளையைக் கொண்டு போனது. அதைப் பற்றி நான் இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியாத ஒன்றும் என்னிடம் இல்லை.

மச்சாள், அலைக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்ததை நீ கவனித்தாயா? எல்லாவற்றுக்கும் பிறந்த நாள் அன்றைக்குத்தான் என்று ஆகிவிட்டது. பிறவியிலேயே முழங்கால் நொந்தவரும் "அலைக்குப் பிறகு" என்றார். பத்து வருடமாக மூச்சுத் தொய்வில் இழுத்த கிழவியும் "அலைக்குப் பிறகுதான் மகள்" என்றாள். நான் அதையே துண்டில் எழுதினேன். அப்படி எழுதினால் மருந்து கெதியாக வரும், வெளிநாட்டு வைத்தியர்கள் கூடுதலாகக் கவனிப்பார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட, எங்களுக்கே அப்படித்தான் தோன்றியது. அதற்கு முன்னால் நாங்கள் நோய் இல்லாமல் வாழ்ந்தோம் என்று நம்ப எல்லோருக்கும் ஆசை.

அகதி முகாமில் ஒரு வெளிநாட்டு வைத்தியருக்கு முன்னால் நீ இருந்தாய். எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு வரும் என்று என்னை மொழிபெயர்க்க வைத்திருந்தார்கள். வெயில் தகரத்தில் ஏறி உள்ளே அவிந்தது. எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். எப்போது தொடங்கியது என்று அவர் கேட்டார். நீ சொன்னாய், "ரெண்டு வருசமா இருக்கு." நான் அவரிடம், அலைக்குப் பிறகு என்றேன். உனக்கு அவ்வளவு இங்கிலீசு விளங்காது, ஆனால் சுனாமி என்ற சொல் விளங்கியது. என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"முதலே இருந்தது எண்டு சொல்லுகா. அலைக்கு முதலே இருந்தது."

"எல்லாம் ஒண்டுதான். பேசாம இரு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கிற்று அந்த மனிதனுக்கு, பாவம். பிள்ளையைப் பற்றியும் நான் சொல்லியிருந்தேன். உன்னுடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அவர் எழுதியது, வயிற்று வலி, சுனாமிக்குப் பின், பிள்ளையை இழந்த துயரம் என்பதுதான். அதற்குப் பிறகு அந்தக் கொப்பியைத் திறந்த எந்த வைத்தியரும் இரண்டாம் பக்கத்துக்குப் போகவில்லை. வயிற்றுக்குள் கெமரா விட்டுப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உன்னை ஒரு மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெண்களை வட்டமாக இருத்தி, கண்ணை மூடு, மூச்சை இழு, விடு என்றார்கள். கிழமைக்கு ஒருநாள் போய் மூச்சு விட்டுவிட்டு வந்தாய். "மூச்சு நல்லா வருது மச்சாள், வயிறுதான் சரியில்ல" என்று நீ சொன்னபோது நான் ஏசினேன். அவர்கள் நல்லதுக்குத்தானே செய்கிறார்கள் என்றேன்.

அவர்கள் நல்லதுக்குத்தான் செய்தார்கள். பிள்ளைக்காக அழ ஓரிடம் உனக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் வயிற்றை யாராவது பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு திராய்மடுவில் தகரக் கொட்டில் கிடைத்தது. பத்தடிக்குப் பத்தடி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தால் இரண்டு பக்கத்துப் பெண்களும் வந்துவிடுவார்கள், "நினைக்காத பிள்ள, நினைக்க நினைக்கத்தான் எரியும்" என்று. நீ நினைத்தது பிள்ளையை அல்ல, சோற்றை. உன் கோப்பையில் உறைப்பு இல்லை, புளி இல்லை, பொரியல் இல்லை. நான் போட்ட பத்தியம். பால்சொதியும் குழைந்த சோறும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பால்மா. கொச்சிக்காய் நறுக்குகிற வாசம் வந்தாலே நீ கொட்டிலுக்கு வெளியே போய் நிற்பாய். அழுதால் கவலை. அழாவிட்டால் உள்ளே அடக்கி வைக்கிறாள், அதுதான் வயிற்றில் எரிகிறது என்றார்கள். நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் இருந்தது. எல்லாச் சுவரையும் அன்பினால்தான் கட்டியிருந்தோம்.

ஒருநாள்தான் நீ எனக்குக் கோபம் காட்டினாய். "என்ட பிள்ளைக்காக எனக்கு நோகிறது இஞ்ச இல்ல மச்சாள்" என்று வயிற்றைக் காட்டினாய். "அது வேற நோ. ரெண்டையும் ஏன் ஒண்டாப் போட்டுக் கலக்கிறீங்க?" என்றாய். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையை மறக்கத் தொடங்கிவிட்டாளோ என்றுகூட ஒரு கெட்ட எண்ணம் வந்தது. அதை உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்றுதான் நான் செய்த புண்ணியம்.

அலைக்கு அடுத்த வருடம் ஒக்டோபர் மாதம் நீ ஓட்டமும் நடையுமாக வைத்தியசாலைக்கு வந்தாய். வரிசையில்கூட நிற்கவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரேடியோவில் கேட்டதைச் சொன்னாய். வயிற்றில் புண் வருவது ஒரு கிருமியால் என்று கண்டுபிடித்த இரண்டு வைத்தியர்களுக்கு உலகத்திலேயே பெரிய பரிசு கொடுத்திருக்கிறார்களாம். அவுஸ்திரேலியாக்காரர்களாம்.

"ஒருத்தன் அந்தக் கிருமியைக் கரைச்சுக் குடிச்சவனாம் மச்சாள், தனக்கு வருத்தம் வருதா எண்டு பாக்க. வந்ததாம். முதல்ல அந்தாக்களையும் ஒருத்தரும் நம்பல்லயாம்."

நீ சிரித்தாய். அலைக்குப் பிறகு நீ பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் குளிசை தா என்றாய்.

அந்தச் செய்தி எனக்குப் புதியது அல்ல, மச்சாள். இதைத்தான் உன்னிடம் ஒளித்தேன். நான் படித்த காலத்தில், வயிற்றின் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது என்றார்கள். கவலை, உறைப்பு, நேரம் தப்பிய சாப்பாடு, இவைதான் காரணம் என்று எழுதிப் பாஸ் பண்ணினேன். பால் கொடுத்தார்கள், முற்றினால் வயிற்றை வெட்டினார்கள். பிறகு ஒரு வகுப்புக்குக் கூப்பிட்டு, அதெல்லாம் மாறிவிட்டது, புண் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வளைந்த உருவில் ஒரு கிருமிதான் காரணம், மிச்சம் சில வலிக் குளிசைகளால் வருகிறது என்று சொன்னார்கள். உறைப்பும் கவலையும் இருக்கிற புண்ணை நோகச் செய்யலாம், புண்ணை உண்டாக்குவது அவை அல்ல என்றார்கள். நான் கொப்பியில் அழகாக எழுதிக்கொண்டு வந்தேன். யன்னலுக்கு வந்ததும் பழைய பாட்டையே பாடினேன். சுற்றிவர இவ்வளவு சாவும் காணாமல் போனவர்களும் இருக்கும்போது, வயிறு எரிவதற்குக் காரணம் ஒரு கிருமி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் துயரத்தைச் சின்னதாக்குகிற கதைபோலப் பட்டது.

அதனால் உன்னிடம் என்ன சொன்னேன்? "கிருமி வெள்ளைக்காரன்ட வயித்துக்கு. எங்கட வயித்துக்குக் கவலையே போதும்." வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு வாய் நீளம், சபை சிரித்தால் இன்னும் நீளும். நீ கம்பியிலிருந்து கையை எடுத்தாய். வெள்ளை மருந்தை வாங்கிக்கொண்டு போனாய்.

இருமலுக்குக் கொடுக்கிற அமொக்சிசிலின் என் இடக்கைப் பக்கம் இருந்தது. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற மெற்றோனிடசோல் அதற்குக் கீழ்த் தட்டில். அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்பிரசோல் அலுமாரிக்குள். அவைதான் அந்த மூன்று மருந்தும். உன்னை வைத்தியரிடம் திருப்பி அனுப்பி, இந்தப் பிள்ளைக்கு முதலே இருந்தது ஐயா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள்கூட இல்லை நான். நெய் கேட்டு வந்தவளை விரட்டினவள்.

அடுத்த வருடம் நீ மெலிந்து கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. கவலைக்கு மருந்து இடமாற்றம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். கதிரவெளிக்குப் போய் உன் அம்மாவோடு கொஞ்சநாள் இரு, மனம் ஆறும் என்றேன். நீ போக விரும்பவில்லை. அந்தப் பக்கம் நிலைமை சரியில்லை என்று சனம் கதைக்கிறது என்றாய். பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் நான்தான். யன்னலோரம் இருந்து, "வாறன் மச்சாள்" என்றாய். ஒரு கிழமைக்குப் போதுமான வெள்ளை மருந்து உன்னுடைய பையில் இருந்தது. நீ போய்ச் சில கிழமையில் சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டிற்று.

பிறகுதான் அந்த மீன்பிடிகாரர் வந்தார். வாவியில் வலை போடுகிறவர், ஒன்பது வருடமாக என் யன்னலில் வெள்ளை மருந்து வாங்கியவர். அலையில் மனிசியும் போய், தோணியும் போய், தனி ஆள். எங்களிடம் புதிதாக வந்திருந்த வைத்தியர் அவருக்குப் பெரியாஸ்பத்திரியில் கெமரா விட்டுப் பார்க்கச் செய்து, இரண்டு கிழமைக்கு அந்த மூன்று மருந்தையும் எழுதியிருந்தார். நான்தான் எண்ணிக் கொடுத்தேன், நம்பிக்கை இல்லாமல். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஒரு கோர்வை மீனோடு வந்து நின்றார்.

"கவலை அப்படியே கிடக்கு மகள். நோவை மட்டும் காணல்ல."

மச்சாள், நீ சொன்னதையே, உன்னை ஒருநாளும் கண்டிராத ஒரு மனிதர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே வைத்தியரிடம் ஓடினேன். உன்னுடைய கதையை முதல்முறையாகச் சரியாகச் சொன்னேன், தொடங்கிய காலத்தோடு. ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது சரியில்லை என்றார். பாதை பூட்டிக்கிடக்கிறது, எப்படிப் பார்ப்பீர்கள் என்றேன். எழுதித் தந்தார். மூன்று கடித உறையில் போட்டு, எதை எப்போது குடிப்பது என்று எழுதி, உனக்கு ஒரு துண்டும் வைத்தேன்: நீ சொன்னது சரி, இது வேற நோ, கொச்சிக்காயில் பிழை இல்லை. லொறிக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன், தடைமுகாமில் மருந்து போகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கால்நடையாகப் போக முயன்ற ஒரு அம்மாவிடம் கொடுத்தேன், அவவையே திருப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை நானே போய் நின்றேன். வெயிலில் அரை நாள் நின்றதுதான் மிச்சம். வடக்கே செல் குண்டு விழுகிற சத்தம் வயிற்றுக்குள் வந்து கேட்டது. உன்னை உள்ளே அனுப்பியது நான், வெளியே நின்றதும் நான். அந்த உறைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன். மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் அதற்குள் கைவிட்டு அரிசி அள்ளினேன்.

தை மாதம் சனம் நடந்து வெளியே வந்தது. முகாம் முகாமாகத் தேடி, உன்னுடைய அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தேன். நீ மார்கழியிலேயே போய்விட்டாய் என்றாள். மரத்தடியில் கட்டின கொட்டிலில், மூன்று நாள் தார்போலக் கறுப்பாகப் போயிற்று என்றாள். பிறகு கோப்பிச் சக்கைபோல வாந்தி எடுத்தாய் என்றாள். புண்ணிலிருந்து உள்ளுக்குள் இரத்தம் ஓடியிருக்கிறது, எனக்கு மேலே ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அந்தப் பெண் என்னுடைய முதுகைத் தடவி, "பிள்ளையை நினைச்சு நினைச்சே செத்துப்போனா" என்றாள். ஓம், அப்படித்தான் என்றேன்.

அந்த ஓம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க அந்தக் கதை பரவியது. நல்ல கதை. கேட்கிறவர்கள் எல்லோரும் அழுதார்கள். உன்னுடைய படத்தையும் பிள்ளையுடைய படத்தையும் ஒரே சட்டத்துக்குள் போட்டு மாலை போட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி உன் மனதின் மேல் விழுந்தது, பாவம் என்னிடம் இருந்தது. மறுத்துச் சொன்னால் முகாமில் நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும், பஸ்ஸில் ஏற்றியதையும் சொல்ல வேண்டும். வாய் நீளமானவளுக்கு அன்றைக்கிருந்து வாய் இல்லை.

இந்த வருடம் சண்டை முடிந்த பிறகு அண்ணன் கட்டாரை விட்டு வந்துவிட்டார். கல்லடியில் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டில் தனியாக இருக்கிறார். வேலைக்குப் போவதில்லை. யார் வந்தாலும் ஒரே கதை: நான் வந்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள், இருந்திருப்பாள். ஆறு மாதமாக இதை என் முன்னாலும் சொல்கிறார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். வருகிற சனி அலையின் ஐந்தாம் வருட நாள். ஆட்கள் வருவார்கள், அதே கதையைச் சொல்லுவார்.

இன்று பின்னேரம் வேலை முடிந்து நேரே அங்கே போனேன். என் உடுப்பில் அந்த மருந்து மணத்திருக்க வேண்டும், என்ன வாசம் என்று கேட்டார். இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோ தொடங்கிய காலம், வைத்தியரிடம் நான் மாற்றிச் சொன்னது, ரேடியோ, நான் அடித்த பகிடி, பஸ். உனக்குள் அந்தக் கிருமி இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை, அதனால் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் பார்க்கவிடாமல் செய்தது நான் என்றும் சொன்னேன். ஏசுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று இருந்தேன். அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை நாள் குளிசை?" என்றார்.

"ரெண்டு கிழமை."

பிறகு மெல்லச் சொன்னார்.

"எனக்கும் சொன்னவள். கொமினிகேசன் கடையில நிண்டு, போனில, இது கவலை இல்ல, வேற என்னவோ எண்டு. நான் அங்க இருந்துகொண்டு, கவலைப்படாம இரு எண்டு சொல்லிப்போட்டு வெச்சிட்டன்."

நான் அண்ணனை விடுவிக்கப் போனேன், மச்சாள். அவருக்கும் ஒரு அறை இருந்திருக்கிறது, உள்ளுக்குள் பூட்டிக்கொண்டு. இரண்டு பேரும் விளக்கேற்றாமல் இருந்தோம். எழும்பும்போது, சனிக்கிழமை வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். வயிற்றில் புண் இருந்தது, அவள் சொன்னாள், நாங்கள் கேட்கவில்லை என்று சொல்லுவோம் என்றேன். சரி என்றார்.

உனக்கு இது ஒன்றுக்கும் உதவாது. நான் சுமக்கிறதும் இதனால் குறையப் போவதில்லை. ஆனாலும் நீ சொன்னதை நம்புகிறவர்கள் இன்றிலிருந்து இரண்டு பேர்.